லாக் என்பது குறிப்பேடு, பேரேடு அல்ல

லாக் கோப்பில் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, நடுவில் ஒரு வரியை மஞ்சள் பேனாவால் தீட்டி, "இதற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும்" என்று மெமோ அனுப்பும் பழக்கம் ஆபீஸ்களில் பெருகிவிட்டது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு என்பது மெமோ எழுதுபவரின் நினைப்பு. கம்ப்யூட்டர் அப்படி எதையும் சொல்லவில்லை என்பது என் கட்சி. அது எழுதியதை நாம்தான் தப்பாகப் படிக்கிறோம். அதிலும் ஒரே சர்வரில் நாலைந்து மெஷின்கள் ஒரே நேரத்தில் பேக்கப் எடுக்கும் ராத்திரிகளில் எழுதப்பட்ட லாக் என்றால், பத்துக்கு எட்டு பேர் தப்பாகத்தான் படிப்பார்கள்.

டிஸ்கி: அடியேன் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. கரூரில் பி.காம். முடித்து, வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றி இப்போது திருவனந்தபுரத்தில் அப்பளமும் பாயசமுமாகக் காலம் தள்ளுகிறவன். ஆனால் இது கம்ப்யூட்டர் விஷயமே இல்லை, கணக்கு விஷயம் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் நிபுணர்கள் பொறுத்தருள்க.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் முதலில் என்ன வரும்? குறிப்பேடு. நடந்தது நடந்த வரிசையில் எழுதப்படும். காலையில் முருகனுக்குச் சரக்கு விற்றது, அடுத்து வாடகை கொடுத்தது, அதற்கடுத்து கந்தனிடம் பணம் வந்தது. அடுத்தடுத்த வரியில் இருப்பதால் முருகனுக்கும் வாடகைக்கும் சம்பந்தம் உண்டு என்று எவனும் சொல்ல மாட்டான். அதற்கப்புறம்தான் பேரேடு. முருகன் கணக்கு ஒரு பக்கம், வாடகைக் கணக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எடுத்தெழுத வேண்டும். எடுத்தெழுதிய பிறகுதான் முருகன் எவ்வளவு பாக்கி என்று கேட்கவே முடியும். எங்கள் ஊர் ஜவுளிக் கடைகளில் பத்தாவது தாண்டாத கணக்குப்பிள்ளைகூட சிட்டையைப் பார்த்து யாரிடமும் பாக்கி கேட்டதில்லை. பேரேட்டைப் புரட்டிவிட்டுத்தான் ஆள் அனுப்புவார்.

சர்வர் லாக் என்பது குறிப்பேடு. யாரும் அதைப் பேரேட்டில் எடுத்தெழுதுவதில்லை. சிக்கலே அங்கேதான்.

எனக்கு நேரில் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். கோர் பேங்கிங் டேட்டா இங்கே பேச்சில்லை, அது எங்கோ டேட்டா சென்டரில் பத்திரமாக இருக்கிறது. நான் சொல்வது அலுவலகத்தின் சொந்த மெஷின்களை. ஸ்கேன் செய்த டாக்குமென்ட்கள், கடிதங்கள், எக்செல் ஷீட்கள் எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஒரு லினக்ஸ் சர்வருக்குப் போகும். ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள், ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் எழுதி 1996-ல் வெளிவந்தது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் கில்லாடி. ஒவ்வொரு மெஷின் வந்து கதவைத் தட்டும்போதும் சர்வரில் தனியாக ஒரு பிராசஸ் கிளம்பும். எல்லா பிராசஸும் ஒரே லாக் கோப்பில் எழுதும். யார் எழுதியது என்று தெரிவதற்காக ஒவ்வொரு வரியிலும் நேரத்துக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் பிராசஸ் எண் இருக்கும். தமிழில் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி:

02:14:05 [4410] கடன் பிரிவு: இணைப்பு வந்தது
02:14:06 [4413] வசூல் பிரிவு: இணைப்பு வந்தது
02:14:06 [4417] சம்பளப் பிரிவு: இணைப்பு வந்தது
02:31:50 [4417] முடிந்தது
02:47:22 [4410] கடன் பிரிவு: கோப்பு வந்து சேர்ந்தது
02:47:23 [4413] பிழை, கோடு 30
02:58:10 [4410] முடிந்தது

கவனித்தீர்களா, பிழை வரியில் பிரிவின் பெயரே இல்லை. முடிந்தது என்ற வரியிலும் இல்லை. எண் மட்டும்தான். அந்த எண் இருக்கும்வரை பிரச்னை இல்லை. 4410 கடன் பிரிவு, நல்லபடியாக முடிந்தது. 4413 வசூல் பிரிவு, கோடு 30-ல் செத்தது. கோடு 30 என்றால் காத்திருந்து பார்த்து நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

அந்த அலுவலகத்தில் ஒரு புண்ணியவான் இந்த லாக்கை எக்செல்லில் ஏற்றி, மேலிடத்துக்கு அழகாக அனுப்ப வேண்டும் என்று, புரியாத எண்கள் இருந்த பத்தியைத் தேவையில்லை என்று நீக்கிவிட்டார். இப்போது மேலே உள்ள ஏழு வரியை அந்த எண் இல்லாமல் படியுங்கள். கடன் பிரிவின் கோப்பு வந்தது, அடுத்த வினாடியே பிழை, அதற்கப்புறம் யாரோ முடித்தார்கள். யாரைப் பிடிப்பார்கள்? கடன் பிரிவு அதிகாரியைத்தான். மலையாளி அம்மா, வேலையில் கெட்டிக்காரர், ரிட்டயர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம். மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சாரே, எந்தா ஈ முப்பது?" என்று கேட்டார். எனக்கும் அப்போது தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மெமோவைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. தப்பு கடன் பிரிவில் என்று முடிவு கட்டியதால் வசூல் பிரிவு மெஷினை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே ஸ்விட்சில் ஒரு கேபிள் தளர்ந்திருந்தது. ஒன்பது நாள் அந்தப் பிரிவுக்குப் பேக்கப்பே இல்லை. வசூல் பிரிவில் என்ன இருக்கும் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். 2002-ம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி அனுப்பிய 60 நாள் நோட்டீஸ்கள், அவை போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டைகளின் ஸ்கேன்கள். அந்த ஒன்பது நாளில் டிஸ்க் போயிருந்தால் எந்தக் கோர்ட்டில் போய் நின்று எதைக் காட்டுவது? டிஸ்க் போகவில்லை. கேபிளைத் திரும்பச் செருகியது ஒரு கான்ட்ராக்ட் பையன். மெமோவுக்கு "விளக்கம் ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

ஒரே நேரத்தில் ஏன் எடுக்கிறீர்கள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் லாக்கும் வரிசையாக இருக்குமே என்று சிலர் புத்தி சொல்வார்கள். லாக் படிப்பதற்கு வசதி என்பதற்காகப் பேக்கப்பை மாற்றுவது செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. ராத்திரி நீளம் அவ்வளவுதான். ஒரு மெஷின் தாமதித்தால் வரிசையில் நிற்கும் எல்லாம் தாமதிக்கும், காலை பத்து மணிக்கு ஆட்கள் வேலைக்கு உட்காரும்போதும் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். கவுன்டரில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பணம் கொடுப்பதில்லையா? அதற்காக ஒரே கேஷியர் போதும் என்றா சொல்கிறோம்? ஐந்து கேஷியருக்கும் தனித்தனி ஸ்க்ரோல் வைக்கிறோம்.

சரி, எண்ணைப் பார்த்துவிட்டால் போதுமா என்றால், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிராசஸ் எண் என்பது பழைய வங்கிகளின் பித்தளை டோக்கன் மாதிரி. காலையில் 37-ம் டோக்கன் வாங்கியவரும் மதியம் 37-ம் டோக்கன் வாங்கியவரும் வேறு வேறு ஆள். லினக்ஸில் நெடுங்காலமாக 32768 என்ற எல்லை வந்ததும் எண் சுற்றிக்கொண்டு மறுபடி கீழிருந்து வரும். புதிய சிஸ்டங்களில் எல்லையை நாற்பது லட்சத்துக்கு மேல் வைக்கிறார்கள், ஆனாலும் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் கீழிருந்துதான். ஆகவே ஒரு மாத லாக்கில் 4413 என்று தேடினால் இரண்டு மூன்று பேர் கலந்து வரலாம். இணைப்பு வந்தது என்ற வரியில் தொடங்கி, அதே எண்ணில் முடிவோ பிழையோ வரும் வரி வரைக்கும்தான் ஒரு கணக்கு. அதற்கு அப்பால் வேறு பக்கம். பாக்குலா போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு வேலைக்கும் திரும்பி வராத ஒரு ஜாப் எண் தருகின்றன. வவுச்சர் எண் மாதிரி. வசதி இருப்பவர்கள் அதற்குப் போகலாம்.

அடுத்தது நேரம். வரியில் உள்ள நேரம் காரியம் நடந்த நேரம் என்று நினைக்கிறோம். அது வரி எழுதப்பட்ட நேரம். ஆர்சிங்க்கில் எத்தனை பைட் போனது என்பதையும் எழுதச் சொல்லியிருந்தால், கோப்பு முழுக்கப் போய் முடிந்த பிறகுதான் வரி விழும். இரண்டே காலுக்குக் கிளம்பிய பெரிய கோப்பு மூன்றேகாலுக்குத்தான் லாக்கில் தலை காட்டும். அதற்குள் பின்னால் வந்த சின்னக் கோப்புக்காரர்கள் பத்து வரி எழுதியிருப்பார்கள்.

யாருடைய கடிகாரம் என்பது இன்னொரு கேள்வி. சர்வர் யுடிசியில் ஓடும், மெஷின் இந்திய நேரத்தில் ஓடும். நமக்கு ஜனவரி 10 அதிகாலை 2 மணி என்றால் சர்வருக்கு ஜனவரி 9 இரவு எட்டரை. தேதியே வேறு. "9-ம் தேதி பேக்கப் இரண்டு தடவை ஓடியிருக்கிறது, 10-ம் தேதி ஓடவே இல்லை" என்று ஆடிட்டர் எழுதி, அதற்கும் ஒரு விளக்கம் கேட்டு... வேண்டாம், ரத்தக் கொதிப்பு. எரிக் ஆல்மன் 1980-களில் சென்ட்மெயிலுக்காக உருவாக்கிய சிஸ்லாக்தான் இன்றைக்கும் பெரும்பாலான லாக்குகளுக்குத் தாத்தா. அந்தப் பழைய வடிவத்தை 2001-ல் ஆர்.எஃப்.சி. 3164 என்று எழுதி வைத்தபோது பார்த்தால், நேரத்தில் வருஷமும் கிடையாது, எந்த ஊர் நேரம் என்பதும் கிடையாது. 2009-ல் வந்த 5424-தான் அதைச் சரிசெய்தது. நம் சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவில், எல்லோரும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு கடிகாரத்தைப் பொருத்த வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் கடிகாரம் சரியாக இருந்தாலும் ஒரே வினாடியில் மூன்று பேர் எழுதினால் யார் முன், யார் பின் என்று அந்த நேரம் சொல்லாது.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் இங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேதி எல்லாம் கொல்லம் ஆண்டில். கி.பி. 825-ல் தொடங்கிய ஆண்டுக்கணக்கு அது. தெற்கே சிங்கம், அதாவது நம் ஆவணி முதல் தேதியில் வருஷம் பிறக்கும். வடக்கே மலபார் பக்கம் கன்னி, நம் புரட்டாசி முதல் தேதியில். ஆக ஆவணி மாதம் முழுக்க ஒரே நாளுக்குத் தெற்கில் ஒரு வருஷம், வடக்கில் வேறு வருஷம். ஓலை எந்த ஊரில் எழுதப்பட்டது என்று தெரியாமல் வருஷத்தை மட்டும் படித்தால் ஆய்வாளர் கோட்டை விடுவார். யுடிசி தகராறு அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது :-)

வரிசையை வைத்து எண்ணத்தைப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய வழக்கு ஒன்று உண்டு. தேசியப் பங்குச் சந்தையின் கோ-லொகேஷன் வழக்கு. 2010-க்குப் பிந்தைய சில வருஷங்கள் விலைத் தகவலை அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் அனுப்பினார்கள். சர்வரில் முதலில் வந்து இணைந்தவருக்கு முதலில் போகும். பிரதான சர்வர் பழுதானால் மட்டும் பயன்படுத்த வேண்டிய இரண்டாம் சர்வரில் ஒரு தரகு நிறுவனம் வழக்கமாக வந்து இணைந்தது என்பது புகார். 2015-ல் ஒரு மொட்டைக் கடிதத்தில் வெளியே வந்தது. 2019 ஏப்ரல் 30-ல் செபி 624.89 கோடி ரூபாயை வட்டியோடு கட்டச் சொன்னது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, மேற்பார்வை போதவில்லை என்று 100 கோடி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் கூட்டுச் சதிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று செபியே அந்தக் குற்றச்சாட்டை முடித்துவிட்டது. சரியா தவறா என்று தீர்ப்பு சொல்ல நான் யார். எனக்குப் படுவது ஒன்றுதான்: எந்த சர்வரில், யார், எத்தனை மணிக்கு இணைந்தார்கள் என்பது லாக்கில் இருக்கும். ஏன் இணைந்தார்கள், யார் சொல்லி இணைந்தார்கள் என்பது இருக்காது. அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அங்கே சிக்கியது பெரிய நிறுவனங்கள், வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. பணம் இல்லாத சாதாரண ஆட்கள் சிக்கினால் என்ன ஆகும் என்பதை பிரிட்டனில் பார்த்தோம். அங்கே போஸ்ட் ஆபீஸ் கிளைகளில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், ஃபுஜிட்சு கம்பெனியுடையது. கணக்கில் பணம் குறைகிறது என்று காட்டியது. கிளை நடத்தியவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு வழக்கு. 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. நம்மவர்கள் நிறையப் பேர் அதில். சர்ரேயில் வெஸ்ட் பைஃப்ளீட் கிளை நடத்திய சீமா மிஸ்ராவை 2010 நவம்பரில் 15 மாதம் சிறைக்கு அனுப்பினார்கள், அப்போது அவர் கர்ப்பிணி. 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று நம் கதைக்கு நேரடியாகப் பொருந்தும்: ஃபுஜிட்சு ஊழியர்கள் வெளியிலிருந்தே கிளையின் கணக்கில் பதிவு போட முடியும், அப்படிப் போட்டது கிளைக்காரரே போட்டது போலத் தெரியும்படியும் இருந்திருக்கிறது. அதாவது இரண்டு பேர் எழுதுகிறார்கள், சதுர அடைப்புக்குள் ஒரே எண். எக்செல்லில் நீக்கக்கூட வேண்டியதில்லை, பிறப்பிலேயே பத்தி பொய். சீமாவின் தண்டனை 2021 ஏப்ரலில் ரத்தானது. 2024 மே மாதம் தனிச் சட்டமே போட்டு மற்றவர்களின் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். சிறையில் கழித்த நாட்களை எந்தச் சட்டம் ரத்து செய்யும்?

பிரிட்டனில் கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று கோர்ட் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் சரியாக ஓடியது என்று நிரூபிக்கச் சொன்ன பிரிவை 1999-ம் வருஷத்துச் சட்டத்தில் தூக்கிவிட்டார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை, சான்றிதழ் வேண்டும் என்று பெருமைப்படலாம். ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கான அன்வர் எதிர் பஷீர் வழக்கில், சான்றிதழ் இல்லாத சி.டி. செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. நமக்குக் கேரளா வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது. பழைய 65-பி இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ம் பிரிவு. ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும், பகுதி அ ஒருவர், பகுதி ஆ ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக்காரர்களுக்கு இது போதாதென்று 1891-ம் வருஷத்து வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் வேறு. 2000-ல் திருத்தியதன்படி கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்டோடு மேனேஜரோ தலைமைக் கணக்கரோ ஒரு சான்றிதழ், கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழ்.

எல்லாம் சரி. ஆனால் இந்தச் சான்றிதழ்கள் என்ன சொல்கின்றன? மெஷின் ஒழுங்காக ஓடியது, யாரும் திருத்தவில்லை, பிரதி அசலோடு ஒத்துப்போகிறது. கடன் பிரிவுக்கும் கோடு 30-க்கும் சம்பந்தம் உண்டா என்று சொல்லும் வரி எந்தப் படிவத்திலும் இல்லை. அந்த அம்மாவின் மெமோவோடு போன எக்செல் தாளுக்கு ஹாஷ் போட்டிருந்தால் அதுவும் பொருந்தியிருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற எடிட் லாக் கட்டாயம் வேறு ஆகிவிட்டது. லாக் இன்னும் பெருகப் போகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் பெருகுவதாகத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. லாக்கை வைத்து ஒருவரிடம் விளக்கம் கேட்பதற்கு முன் அதைப் பேரேட்டில் எடுத்தெழுதுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம். தொடக்க வரி, முடிவு வரி, நடுவில் நடந்தது. பிறகு இருப்பாய்வு மாதிரி ஒன்று: எத்தனை தொடங்கியது, எத்தனை முடிந்தது, எத்தனை பிழையில் நின்றது. பின் இரண்டையும் கூட்டினால் முதல் எண் வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒன்று பாதியில் மின்சாரம் போய் வரி எழுதக்கூட நேரமில்லாமல் செத்திருக்கிறது. இங்கே ஜூன் மழையில் அது சகஜம். கோடு 24 வந்தால் பதறாதீர்கள், பட்டியல் எடுத்த பிறகு யாரோ ஒரு கோப்பை அழித்துவிட்டார்கள் என்று மட்டும்தான் பொருள், பெரும்பாலும் தற்காலிகக் கோப்பாக இருக்கும். கோடு 23 வந்தால் உட்கார்ந்து பாருங்கள், சில கோப்புகள் போகவில்லை.

இதெல்லாம் செய்தும் பிடிபடாத ஒன்று உண்டு. ராத்திரி ஸ்விட்ச் ஆஃப் ஆகிக் கிடந்த மெஷின். அது தட்டவே இல்லை, அதனால் சர்வர் லாக்கில் அதற்கு வரியே கிடையாது, பிழையும் கிடையாது. மொத்தம் எத்தனை மெஷின் வர வேண்டும் என்ற பட்டியல் லாக்குக்கு வெளியே ஒரு காகிதத்தில் இருந்தால்தான் அது தெரியும். எங்கள் பிரிவில் அந்தப் பட்டியலை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். பதினோரு மெஷின். போன வாரம் பத்துதான் வந்திருந்தது, பதினோராவதின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ போன் சார்ஜ் போட்டிருந்தார்கள்.